உம் கொட்டியவள்

மருதவாணனின் நெஞ்சிலிருந்த இதயக் கருவி நின்றுபோன மறுநாள், அதற்குக் காவலாகப் போட்டிருந்த ஆன்டிவைரஸின் கம்பெனிக்காரர் துக்க வீட்டுக்கு வந்து முந்தின நாள் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். மனைவி செண்பகவல்லி அதைக் கேட்டாள்.

பஸ்ஸில் நடந்த சண்டையைக் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாளித்தபடியே அவள் உம் கொட்டுகிறாள். நாளெல்லாம் அவள் காதுக்குள் ஏதாவது எச்சரித்துக்கொண்டே இருக்கும் ஆன்டிவைரஸ் குரல் குறுக்கே வருகிறது.

"இதயக் கருவிக்குள் தெரியாத புரோகிராம் நுழையப் பார்க்கிறது. அனுமதிக்கலாமா?"

"ம்."

"உயிருக்கு ஆபத்து. அனுமதிக்கலாமா?"

"ம்."

பதிவு முடிந்ததும், "அது அவர் பேச்சுக்குக் கொட்டினதுங்க," என்றாள் செண்பகவல்லி.

"பட்டன் அமுக்குறது தொல்லைன்னு, ‘ம்’ சொன்னாலே போதும்னு மாத்தி வெச்சது நீங்கதாம்மா."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். செண்பகவல்லி யாருக்கும் உம் கொட்டவில்லை.