மாடியைக் காலி செய்கிறேன்

காலிங் பெல்லை அழுத்திவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் தொழில். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

ஹவுஸ் ஓனர் கதவைத் திறந்தார். கணக்கு டீச்சர். கையில் ஒரு கட்டு விடைத்தாள், காதில் செருகிய சிவப்புப் பேனா.

மாடியைக் காலி செய்யலாம் என்று இருப்பதாகச் சொன்னேன்.

அவர் உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"பதினோரு மாசம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாதிகூட முடியல. நடுவுல கிளம்பினா வேற ஆளை நீங்கதான் பிடிச்சுத் தரணும்."

எதிர்பார்த்ததுதான். ஒப்பந்தத்தின் ஷரத்துகள் எல்லாவற்றையும் தானே உட்கார்ந்து எழுதியவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தக் கூடாது. கீழ் வீட்டுச் சமையலறைக்குள் காரணமில்லாமல் நுழையக் கூடாது. கடைசி ஷரத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்குத் தலையை ஆட்டிவைத்தேன்.

மாடியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், தண்ணீருக்குக் கஷ்டமில்லை. தொந்தரவு என்று ஒருவர்கூடப் படியேறி வந்ததில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முடியாது என்று இவர் சொல்லிவிட்டால், மிச்ச மாதங்களையும் அந்த நான்கு சுவர்களோடு பேசிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

காரணம் என்ன என்று கேட்டார்.

முழங்கால் வலி, மொட்டைமாடிச் சூடு என்று சில பொய்களை இறங்கி வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்ததோ உண்மை.

"தூக்கம் வரல, மேடம்."

"தெரியும். ராத்திரி பூரா மேல நடக்கிறீங்க. கீழ கேக்குது."

புகாராகத்தான் சொன்னார். எனக்கோ மனசு சட்டென்று லேசாகிவிட்டது. ராத்திரி பூரா கேட்கிறது என்றால், இவரும் ராத்திரி பூரா விழித்துத்தான் இருக்கிறார்.

நான் மாடிக்குப் போகும் முன் எதற்காகச் சண்டை வந்தது என்பதே இப்போது எங்கள் இருவருக்கும் மறந்துவிட்டது. 'உங்கப்பா கட்டின வீட்டுல நான் வாடகைக்குக் குடியிருக்கிறவன் மாதிரிதானே' என்று நான் கத்தியது நினைவிருக்கிறது. மறுநாளே அவள் ஒப்பந்தத்தை என் முன்னால் நீட்டினாள். ரோஷத்தில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, துணிமணியை அள்ளிக்கொண்டு மாடியேறினேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டது எங்கள் மகள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

என் மனைவி கதவிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாள். முகத்தில் இன்னும் ஹவுஸ் ஓனர்தான்.

"போய்த் தலையணையை எடுத்துட்டு வாங்க. கட்டில்ல உங்க பக்கத்தை நான் யாருக்கும் வாடகைக்கு விடல."