முப்பத்தெட்டாவது கேள்வி

"சாரங்கபாணி சார் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் போதும், நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரர் வண்டி வாசல்ல நிக்கும்" என்றார் மூஸா பாய். "ஏழு கம்ப்யூட்டரையும் ஏத்தி அனுப்பிட்டு ஜெராக்ஸ் கடை போட்டுடுவேன்."

"கேக்க மாட்டார் பாய்" என்றாள் ஷோபனா.

நன்னிலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். குவைத்திலிருந்து திரும்பிய மூஸா ஆசையாகத் திறந்தது. ஏழு கம்ப்யூட்டர்களும் வைரஸ் பிடித்து, வாரத்தில் நாலு நாள் படுத்துக்கொண்டன. பழைய மென்பொருளை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது, காசும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது அங்கே வேலை பார்த்த ஷோபனாதான்.

போட்ட முதல் நாள், வந்தவர்கள் எல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் முழித்தார்கள். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். ஷோபனாவால் முடியாது. இந்த வேலை போனால் அடுத்தது திருப்பூர் பஸ்தான். அவளோடு படித்தவர்கள் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். அவள் போவதாக இல்லை.

ஒரு நோட்டு வாங்கினாள். வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்வியைக் கேட்டபடியே எழுதினாள். 'பழைய படமெல்லாம் எங்கே போச்சு?' 'இங்கிலீஷ்ல என்னமோ கேக்குதே?' 'பாஸ்வேர்டு மறந்துபோச்சே?' மொத்தம் முப்பத்தேழு கேள்விகள். அந்தக் கேள்வி இனி எழாதபடி ஒவ்வொன்றாக அடைத்தாள். திரையில் அமுக்குவதற்கான பழைய படங்கள் இருந்த இடத்திலேயே புதியவை வந்தன. அடியில் தமிழில் பெயர்: 'கடிதம் எழுத', 'பேப்பர் படிக்க', 'முடிந்தது, கிளம்பலாம்'. பாஸ்வேர்டே கேட்காமல் சென்டரின் முகவரியிலிருந்தே மெயில் போகும்படி செய்தாள். தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு மெஷினில் இருப்பதுபோலவே வைத்தாள்.

"எல்லாம் சரிம்மா. சார் என்ன சொல்றார்னு பாப்போம்" என்றார் மூஸா. "மத்தவங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவாங்க. சார் மூணு வருஷமா தினம் வர்றார். ஒரு நாள்கூட ஒரு சந்தேகம் கேட்டதில்ல. மரியாதைக்கு நான் நெட்ல பேப்பரை மட்டும் தெறந்து வைப்பேன். மத்தபடி ஆள் இதுல புலி. அவரே தடுமாறினா ஊர்ல எவனுக்கும் புரியாதுன்னு அர்த்தம்."

"இன்னிக்கு நீங்க பேப்பரைத் தெறக்காதீங்க பாய். அவரே தெறக்கட்டும்."

பத்து மணிக்கு சாரங்கபாணி வந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஊருக்கு மனு தட்டச்சு செய்து கொடுத்தவர் என்பதால் டீக்கடைக்காரர்கூட எழுந்து நின்றுதான் பேசுவார். வழக்கம்போல் குடையை மாட்டிவிட்டு, மூலையிலிருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் ஓடியது. ஷோபனாவுக்கு மூச்சு வந்தது.

"ஏம்மா, ஷோபனா."

மூஸா நிமிர்ந்து பார்த்தார்.

"'கடிதம் எழுத'ன்னு போட்டிருக்கியே, இதை அமுக்கினா என்ன ஆகும்?"

"கடிதம் எழுதலாம் சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

ஷோபனா நோட்டைப் பிரித்து முப்பத்தெட்டு என்று எண் போட்டு எழுதினாள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது. கீபோர்டு இன்றோடு போயிற்று என்று மூஸா தலையில் கை வைத்துக்கொண்டார். அரை மணி கழித்து மறுபடியும் குரல்.

"எழுதினது போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"'அனுப்பியாச்சு'ன்னு எழுதிக் காட்டும் சார்."

முப்பத்தொன்பது.

"புலியே தடுமாறுது பாத்தியா?" மூஸா குரலைத் தணித்துக்கொண்டார். "சொன்னது சொன்னதுதாம்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"ஒரு வாரம் குடுங்க பாய். இந்த ரெண்டு கேள்வியையும் அடைச்சுடறேன்."

"எத்தனை வாரம் அடைப்பே?" அவர் பழைய இரும்புக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

ஷோபனாவுக்கு அழுகை வந்தது. அழவில்லை. முப்பத்தெட்டாவது கேள்விக்கு நேரே என்ன மாற்ற வேண்டும் என்று எழுதத் தொடங்கினாள்.

சாரங்கபாணி வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு. துபாயில் இருக்கும் மகன் தமிழரசனின் மெயில் முகவரி அது.

"பதில் ஏதாச்சும் வந்தா பிரிண்ட் எடுத்து வைம்மா. டீ குடிச்சுட்டு வந்துடறேன்." குடையை மறந்துவிட்டுப் போனார்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஷோபனா பிரிண்ட் கொடுத்தாள். போனைக் காதில் வைத்தபடியே மூஸா தாளை உருவினார். படித்தார். எதிர்முனையில் யாரோ எடுத்து, யாரு, யாரு என்று கேட்டார்கள்.

"வண்டி வேணாம். ஒண்ணுமில்ல, வைங்க" என்றார் மூஸா. தாளை ஷோபனாவிடம் நீட்டினார்.

அதில் இருந்தது:

'அப்பா, உங்களுக்கு நான் ஆரம்பித்துக் கொடுத்த முகவரிக்கு மூன்று வருஷமாகப் போட்ட ஒரு மெயிலுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை, போனிலும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். நான் நிலத்தை விட்டுவிட்டுத் துபாய் வந்த கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எதை அமுக்குவது என்று தெரியாமல், யாரிடமும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள் என்று இன்றைக்குத்தானே சொல்கிறீர்கள்.'