ஷட்டருக்கு வெளியே ஓர் ஆள்

முழு ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமையிலும் திண்டுக்கல்லில் அந்தத் தெருவில் மட்டும் தேர்த்திருவிழாக் கூட்டம். தூக்குவாளியோடு வந்த பாண்டிச்செல்வியைச் சண்முகவள்ளி மறித்தாள்.

“எதுக்குடி இம்புட்டுக் கூட்டம்?”

“தெரியாத மாதிரிக் கேக்குறீக மதினி! உங்க கடைப் பிரியாணிக்குத்தான். அப்படியே அண்ணன் கைப்பக்குவம்.”

கணவர் சுப்புராஜ் தை மாதம் இறந்ததிலிருந்து கடை மூடித்தான் கிடந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அவள் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. ஷட்டரின் அடிச் சந்து வழியாகச் சூடான பொட்டலங்கள் வந்துகொண்டிருந்தன. உள்ளே அண்டா விளிம்பில் கரண்டி இரண்டு முறை தட்டியது. மூடியைத் திறந்ததும் அவர் அப்படித்தான் தட்டுவார்.

வள்ளிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஊரடங்கில் திருட்டுத்தனமாக நடக்கிற எல்லாக் கடைக்கும் வெளியே ஓர் ஆள் காவல் இருப்பார். இந்தக் கடைக்குத்தான் ஆள் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பியதும் ஷட்டரை ஒரு தட்டுத் தட்டினாள். கரண்டிச் சத்தம் நின்றது. கூட்டம் கலைந்தது.

“பூட்டித்தான் சார் கிடக்கு” என்று சாவியைக் காட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“போயிட்டாய்ங்களா, வள்ளி?”