எண்பத்தொன்றாவது இருக்கை

துணை விமானி பெல்ட்டை மாட்டி இறுக்கிக்கொண்டார். பக்கத்து இருக்கையிலிருந்த கேப்டன், "ரொம்ப ஆடுது, நல்லாப் பிடிச்சுக்கப்பா" என்றார்.

ஆடியது விமானமல்ல, இருக்கைதான். விமானிகளின் ஓய்வறைக்குத் திங்கட்கிழமை வந்திறங்கிய அந்த இருக்கைகளைத் தரையோடு இன்னும் முடுக்கவில்லை. பெல்ட் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வது துணை விமானியின் கைப்பழக்கம்.

மூன்று வருஷமாக மனுப் போட்டும் அசையாத கிழிந்த சோபாவைத் தூக்கிவிட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு இருக்கைகளை "விமானிகள் நலன் கருதி" போட்டிருந்தது நிர்வாகம். இந்தத் திடீர்க் கரிசனத்தை யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இருபது பிளேன்!" என்றார் கேப்டன். எதையும் கண் காது மூக்கு வைத்து முதலில் சொல்கிறவர் என்பதால் அவருக்கு 'வானொலி' என்று பெயர். "ஒவ்வொண்ணும் எண்பத்துநாலு சீட். முதல் பிளேன் வந்தே ஆச்சு. இல்லேன்னா பிளேன் நிறுத்தற ஹாங்கர் கதவை எதுக்குய்யா ஒரு வாரமா சாத்தி வச்சிருக்காங்க?"

எதிரே இருந்த விமானிகள் சங்கத் தலைவர் சிரித்தார். ஒப்பந்தத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார். அதனால் அவர் 'ஷரத்து'.

"கேப்டன், நம்மது பெரிய கம்பெனிக்குக் கீழே ஓடுற சின்னக் கம்பெனி. ஒப்பந்தப்படி எண்பது சீட்டுக்கு மேல இருந்தா அந்த பிளேனை நாம தொடக்கூடாது, அவங்க விமானிங்கதான் ஓட்டணும். எண்பத்தொண்ணாவதா ஒரே ஒரு சீட் இருந்தாலும் போச்சு. நமக்கு வாய்ச்சது பதினெட்டு வரிசை, எழுபத்திரண்டு சீட். தலைகீழா நின்னாலும் அவ்வளவுதான்."

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு, துணை விமானிக்குப் பிழைப்பு. பதினோரு வருஷமாகத் துணை விமானி. கடல் கடந்த ஒரு சரக்கு விமானக் கம்பெனி அவரைக் கேப்டனாகக் கூப்பிட்டிருந்தது. மூன்று வருஷம் கட்டாயம் இருக்க வேண்டும், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது, இன்று மூன்று மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே புது விமானம் வந்தால் அடுத்த கேப்டன் அவர்தான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?"

"விசாரிச்சுக்கிட்டே இருக்கேம்மா."

"பாப்பா ஸ்கூல்லேருந்து வந்ததும், அப்பா போறாங்களா இருக்காங்களான்னுதான் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"கால் மணி நேரம் குடு" என்று வைத்தார். இருக்கையின் கைப்பிடியில் 21 என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "வானொலி சார், நிஜமாவே வருதா? விளையாடாதீங்க, எனக்கு இது வாழ்க்கை."

"சத்தியமா! பிளேன் விக்கிறவங்க ஆபீஸ்ல என் மச்சான் இருக்கான். எண்பத்துநாலு சீட், அவனே எண்ணிப் பார்த்தானாம். இந்தச் சீட்டையே பாரேன், புதுத்துணி வாசனை போகலை. கம்பெனி கொழிக்குதுப்பா!"

"கொழிக்குதா?" ஷரத்து தன் இருக்கையைத் தட்டினார். "ஒரு சோபா வாங்க வக்கில்லாம, எவனோ வேண்டாம்னு கழட்டிப் போட்டதைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. இவங்களா இருபது பிளேன் வாங்குவாங்க? அப்படியே வாங்கினாலும், எண்பத்துநாலுன்னா அது நமக்கில்லை. நாம கீழே நின்னு டாட்டா காட்டலாம். தம்பி, நான் சொல்றதைக் கேளு. கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

ஒப்பந்தத்தை வானொலியால் மறுக்க முடியவில்லை. அறையில் அது ஒன்றுதான் அச்சில் இருந்தது. மற்றதெல்லாம் காற்றுவாக்கில் வந்தது.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. துணை விமானி போனை எடுத்தார். அங்கே சம்மதம், இங்கே ராஜினாமா. இரண்டையும் அனுப்பிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"போறேம்மா. இங்கே ஒண்ணும் வரப்போறதில்லை."

"சரிங்க. பரண்லேருந்து பெட்டியை இறக்கி வைக்கிறேன்" என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷரத்து அவர் தோளைத் தட்டினார். "நல்ல முடிவு தம்பி. பின்னாடி எனக்கு நன்றி சொல்லுவே."

கதவைத் தள்ளிக்கொண்டு தலைமை மெக்கானிக் வந்தார். கையில் அளவு நாடா. யாரையும் பார்க்காமல் சுவரோரமாக நீட்டி அளந்தார், ஜன்னலோரம் அளந்தார், தலையைச் சொறிந்தார்.

"என்னய்யா அளக்கறே?" என்றார் வானொலி.

"இன்னும் எத்தனை சீட் பிடிக்கும்னு பாக்கறேன் சார்."

"ஒரு நேரத்துக்கு நாங்க அஞ்சாறு பேருதானே. இந்த நாலே போதும்பா" என்றார் ஷரத்து பெருந்தன்மையாக.

மெக்கானிக் பரிதாபமாகப் பார்த்தார்.

"போதும்னா எப்படி சார்? இன்னும் பத்தொன்பது பிளேன்ல கடைசி வரிசையைக் கழட்டணுமே!"