ஒடியாத இறக்கை

போன ரிமோட் விமானம் நடுவானில் இறக்கை ஒடிந்து விழுந்தது. அதில் பிழைத்த மோட்டாரைப் பொன்னுரங்கம் புது விமானத்தில் மாட்டினார்.

"இந்தத் தடவை ஒடியவே கூடாது" என்று புது இறக்கைக்குப் பட்டை வைத்துப் பசை பூசி, மேலே டேப்பும் சுற்றினார்.

"போதும்னு சொல்லேன்! தூக்கப்போறது நான்தானே?" என்று மோட்டார் இறக்கையிடம் கெஞ்சியது.

"ஒடிஞ்சு செத்தது என் அக்கா. இன்னும் ரெண்டு சுற்று சுற்றட்டும்" என்றது இறக்கை.

மைதானத்தில் மோட்டார் உயிரைக் கொடுத்துச் சுழன்றது. விமானம் தரையைவிட்டு எழும்பவே இல்லை; கடைசிவரை ஓடி, வேலிக்கல்லில் முட்டி நின்றது.

பொன்னுரங்கம் மூச்சிரைக்க ஓடிவந்து இறக்கையைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லை!" என்று பூரித்தார். பிறகு குனிந்தார். "அடடா, சக்கரம்தான் ஒடிஞ்சிருக்கு."

பையில் கைவிட்டு டேப்பைத் தேடினார். சூடுகூட ஆறாத மோட்டார் நடுங்கத் தொடங்கியது.