பாதி மலையில் ஒரு பாட்டு

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், நடந்து ஏறிக்கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் நின்றுவிடுகிறார். சர்ச் சபையார் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சேர்ந்து ஏறி, உச்சியில் பாடும் மலை இது. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஏறுவது இதுவே முதல் தடவை. மரங்களினூடே இறங்கும் வெயில் ஈரச் சருகுகளின் மேல் செம்பாகக் கிடக்கிறது. குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பனும், கைத்தடி ஊன்றிய ஓய்வுபெற்ற நர்சம்மாவும் அவரைத் தாண்டிப் போகிறார்கள். பாதையோர பெஞ்சில் உட்கார்ந்தவரின் கை தானாக நெஞ்சுக்குப் போவதைக் கூட வந்த மனைவி பார்த்துவிடுகிறாள். "வலிக்குதா?" என்கிறாள். "வலியெல்லாம் இல்லம்மா, மூச்சுதான் வாங்குது. நீ போ, உச்சியில பாட ஆள் வேணும்ல." அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூ நாடாக்களை நிதானமாக அவிழ்க்கிறாள். இரண்டையும் கழற்றி பெஞ்சுக்கடியில் ஒழுங்காக வைக்கிறாள். "ஆறு மாசமா கோயில்ல தனியாப் பாடிப் பாத்துட்டேங்க. நல்லாவே இல்ல." காலடிச் சத்தங்கள் அடங்கி வெகுநேரம் கழித்து, மேலேயிருந்து பாட்டு காற்றில் துண்டு துண்டாக இறங்கி வருகிறது. அவருடைய அடிக்குரல் சேரவேண்டிய இடத்தில் அது மெலிந்து கேட்கிறது. அவர் கண்களை மூடிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார். அவளும் சேர்ந்து, அவருக்காகக் கொஞ்சம் மெதுவாகப் பாடுகிறாள்.