அவிழாத முடிச்சு

மின்வெட்டு நேரம். பள்ளி வராந்தாவில் தார்ப்பாயை விரித்து, மாணவிகள் குப்பைக்கூடைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார்கள். பிளாஸ்டிக் ஒரு பக்கம் சேர்கிறது. பின்பக்கம் எழுதாத தாள்கள், ரஃப் நோட்டு தைப்பதற்காக, தனியாகச் சேர்கின்றன. ஒரு கூடையையும் விடக்கூடாது என்று சொன்னவள், பக்கத்தில் நிற்கும் கார்த்யாயினி டீச்சர்தான். "டீச்சருங்க ரூம்லதான்டி குப்ப ஜாஸ்தி!" என்று சிரித்துக்கொண்டே தில்லைச்செல்வி கடைசிக் கூடையைச் சாய்க்கிறாள். வாழைப்பழத் தோல்களோடு ஒரு தாள்கட்டு விழுகிறது. 'வீணாக்காமல் வாழ்வோம்' போட்டிக்கு வந்த நாற்பது கட்டுரைகள். போன வாரம் கயிறு கிடைக்காமல் தில்லைச்செல்வி தன் சடையிலிருந்து உருவிக் கட்டிக்கொடுத்த சிவப்பு ரிப்பன், போட்ட இரட்டை முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கிறது. பரிசு இன்று காலை பிரேயரில் கொடுத்தாயிற்று. எல்லாக் கட்டுரைகளையும் இரண்டு முறை படித்ததாக மைக்கில் சொன்னவள் கார்த்யாயினி. நேற்று மேசையை ஒழித்துக் கூடையில் போட்டவளும் அவள்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "நம்புளுதுடி இது," என்கிறாள் ஒருத்தி, மெதுவாக. தில்லைச்செல்வி டீச்சரை நிமிர்ந்து பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்க்கிறாள். தன் கட்டுரையைத் தேடி எடுத்து, ஈரத்தைத் தாவணியில் ஒற்றித் திருப்பிப் பார்க்கிறாள். "பின்னால எழுதல டீச்சர். ரஃப் நோட்டுக்கு ஆவும்." வெற்றுப்பக்கம் மேலே தெரியும்படி அதை வைக்கிறாள். பிறகு மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அதன்மேல் அடுக்குகிறாள்.